தாய்மாமன் கடையா, மருமகன் கடையா? நியூ ஹேவன் ஊரின் தீராத பீட்சா சண்டை!

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், கடலோரமாக இருக்கிறது நியூ ஹேவன். நியூயார்க்கில் ரயில் ஏறினால் சுமார் 2 மணி நேரத்தில் போய்விடலாம். வெளியூர்க்காரர்களுக்கு நியூ ஹேவன் என்றதும் நினைவுக்கு வருவது யேல் பல்கலைக்கழகம். ஆனால், உள்ளூர்க்காரர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஐந்தாவது நிமிடம் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும்.

``நீங்க பெப்பேஸ் கட்சியா, சாலீஸ் கட்சியா?''

இரண்டும் அரசியல் கட்சிகள் அல்ல. பீட்சா கடைகள். வூஸ்டர் தெரு என்ற ஒரே தெருவில், பொடிநடையாகப் போனால் இரண்டு மூன்று நிமிட தூரத்தில் இருப்பவை. இதில் சுவாரஸ்யம் என்னவென்றால், முதல் கடையை ஆரம்பித்தவர் தாய்மாமன். இரண்டாவது கடைக்குப் பெயர் கொடுத்தவர் அவருடைய அக்கா தங்கை வழி மருமகன்!

2020 கணக்கெடுப்பின்படி இந்த ஊரின் மக்கள்தொகை சுமார் 1.34 லட்சம்தான். இவ்வளவு சின்ன ஊர், பீட்சா விஷயத்தில் நியூயார்க்கையும் சிகாகோவையும் வம்புக்கு இழுக்கிறது. அப்படி என்னதான் இருக்கிறது அந்தப் பீட்சாவில்?

இது பீட்சா இல்லை, `அபீட்ஸ்'!

நியூ ஹேவன் கடைகளின் பெயர்ப்பலகையில் `பீட்சா' என்ற சொல்லுக்கு முன்னால் ஓர் `அ' ஒட்டியிருக்கும். இத்தாலியின் நேப்பிள்ஸ் பகுதிப் பேச்சுவழக்கில் இருந்து வந்த சொல் அது. ஊர்க்காரர்கள் வாயில் அது `அபீட்ஸ்' என்று சுருங்கிவிட்டது. மொசரெல்லா சீஸை `மூட்ஸ்' என்பார்கள்.

முதன்முறை போகிறவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. இங்கே சாதாரண, `பிளெயின்' பீட்சா ஒன்று கேட்டால், மொசரெல்லா இல்லாமல்தான் வரும். மெல்லிய மாவு, அதன்மேல் தக்காளி, கொஞ்சம் ஆலிவ் எண்ணெய், ஆரிகானோ, தூவலாக செம்மறியாட்டுப் பாலில் செய்த ரோமானோ சீஸ். அவ்வளவுதான். `மூட்ஸ்' வேண்டுமென்றால் தனியாகச் சொல்ல வேண்டும். காளான், வெங்காயம் மாதிரி அதுவும் இங்கே ஒரு கூடுதல் அயிட்டம்தான்.

வடிவமும் காம்பஸ் வைத்து வரைந்த வட்டமாக இருக்காது. கோணல்மாணலாக, கொஞ்சம் நீள்வட்டமாக இருக்கும். தட்டில் வைத்து அலங்கரிப்பதெல்லாம் கிடையாது. அலுமினியத் தட்டத்தில் காகிதம் விரித்து அப்படியே கொண்டுவந்து வைத்துவிடுவார்கள்.

முக்கியமான விஷயம், அந்தக் கறுப்பு. ஓரமும் அடிப்பாகமும் அங்கங்கே கறுத்துப்போய் இருக்கும். `தீய்ந்துவிட்டது' என்று திருப்பி அனுப்பினால் ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். அந்தக் கருகல்தான் இதன் அடையாளம். காரணம், நிலக்கரி அடுப்பு.

நேப்பிள்ஸ் பீட்சாவை விறகு அடுப்பில் ஒன்றரை நிமிடத்துக்குள் எடுத்துவிடுவார்கள். அதனால் நடுப்பகுதி மெத்தென்று இருக்கும். இங்கே செங்கல் அடுப்புக்குள் நிலக்கரி கனன்றுகொண்டிருக்கும். 315 டிகிரி செல்சியஸுக்கும் மேலான அந்தச் சூட்டில், இன்னும் சில நிமிடங்கள் கூடுதலாக வேகிறது மாவு. ஈரம் வற்றி, வெளியே மொறுமொறுப்பு, உள்ளே மெல்லும் பதம் இரண்டும் சேர்ந்து வருகிறது. நீளமான கைப்பிடி வைத்த பலகையால் ஒவ்வொன்றையும் தள்ளி, திருப்பி, இடம் மாற்றி எடுப்பதற்குத் தனிக் கைப்பழக்கம் வேண்டும். அடுப்பின் எந்த மூலையில் சூடு எப்படி என்பது அங்கே நிற்பவருக்குத்தான் தெரியும்.

மாமன் போட்ட பிள்ளையார் சுழி

ஃபிராங்க் பெப்பே இத்தாலியின் அமால்ஃபி கடற்கரையில் உள்ள மயோரியில் பிறந்தவர். 1909-ல், பதின்பருவத்தில் அமெரிக்கா வந்தார். முதல் உலகப் போரின்போது இத்தாலிக்குத் திரும்பிப் படையில் சேர்ந்தார். 1920-ல் மனைவியோடு மறுபடியும் நியூ ஹேவன்.

அப்போது வூஸ்டர் தெருவைச் சுற்றி இத்தாலியக் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்தன. பக்கத்திலேயே பூட்டும் இரும்புச் சாமான்களும் செய்யும் சார்ஜன்ட் தொழிற்சாலை. ஆண்களில் பலருக்கு அங்கே வேலை. பெண்களில் பலர் துணி தைக்கும் பட்டறைகளுக்குப் போனார்கள். காசு குறைவு, வயிறு நிறைய வேண்டும். மாவும் தக்காளியும் அதற்குப் போதும்.

பேக்கரியில் வேலை பார்த்த பெப்பே, `தக்காளி பை' செய்து சந்தையில் தலையில் சுமந்து விற்றார் என்பது அந்தக் குடும்பம் சொல்லும் கதை. 1925-ல் சொந்தக் கடை திறந்தார். 1930-களில் அந்த இடத்தைக் காலிசெய்ய வேண்டி வந்தபோது, தூரமாகப் போகவில்லை. பக்கத்துக் கட்டடத்துக்கு மாறினார். அதுதான் இன்று எல்லோரும் வரிசையில் நிற்கும் பெப்பேஸ். பழைய இடத்தையும் அந்தக் குடும்பம் பின்னாளில் திரும்ப வாங்கிவிட்டது. `தி ஸ்பாட்' என்ற பெயரில் அதுவும் இன்று பெப்பேஸின் ஒரு பகுதி.

பெப்பேயின் சகோதரி ஃபிலோமினா. அவருடைய மகன் சால்வடோர் கான்சிலியோ, செல்லமாக `சாலி'. மாமாவின் கடையில் தொழில் பழகிய பையன். 1938-ல் அதே தெருவில் மருமகனுக்குத் தனிக்கடை உருவானது. அன்றைக்குத் தொடங்கிய விவாதம் இன்னும் முடிந்தபாடில்லை.

யார் யாருக்கு எந்தக் கட்சி?

பெப்பேஸ் கட்சி: இவர்களின் துருப்புச்சீட்டு, 1960-களில் பிறந்த வெள்ளை மட்டி பீட்சா. தக்காளி கிடையாது, மொசரெல்லா கிடையாது. மட்டிச் சதை, பூண்டு, ஆலிவ் எண்ணெய், ஆரிகானோ, ரோமானோ சீஸ். கேட்கும்போது `கடல் மட்டியில் பீட்சாவா?' என்று தோன்றும். அந்த உப்பும் பூண்டு வாசனையும் சேரும்போது பேச்சு நின்றுவிடும் என்பார்கள் ரசிகர்கள். கோடையில் மட்டும் கிடைக்கும் புதுத் தக்காளி பீட்சாவுக்காக வருடம் முழுவதும் காத்திருப்பவர்களும் உண்டு.

சாலீஸ் கட்சி: `மாமன் கற்றுக்கொடுத்தார், மருமகன் மெருகேற்றினார்' என்பது இவர்கள் வாதம். இன்னும் மெல்லிய மாவு, கூடுதல் மொறுமொறுப்பு, எல்லாவற்றுக்கும் மேலாக அந்தத் தக்காளிச் சாறு. பாடகர் ஃபிராங்க் சினாட்ராவுக்குப் பிடித்த கடை என்ற பெருமையையும் மறக்காமல் சேர்த்துக்கொள்வார்கள். பழைய வாடிக்கையாளர்களிடம் மட்டும் ஒரு ரகசிய போன் நம்பர் இருந்தது, அவர்கள் வரிசையில் நிற்க வேண்டியதில்லை என்று ஒரு பேச்சும் உண்டு.

மாடர்ன் கட்சி: `அந்தத் தெருவில் சுற்றுலாப் பயணிகள் நிற்கட்டும், நாங்கள் ஸ்டேட் தெருவுக்குப் போகிறோம்' என்பவர்கள் இவர்கள். 1934-ல் தொடங்கிய மாடர்ன் அபீட்ஸாவில் செங்கல் அடுப்பு உண்டு, ஆனால் எரிவது நிலக்கரி அல்ல, எண்ணெய். பேக்கன், சாசேஜ், பெப்பரோனி, காளான், வெங்காயம், குடைமிளகாய், பூண்டு என்று அத்தனையும் குவித்த `இத்தாலியன் பாம்ப்' இங்கே பிரபலம். `மேலே இவ்வளவு போட்டால் மாவின் ருசி எப்படித் தெரியும்?' என்பது மற்ற இரு கட்சிகளின் கேள்வி.

இதோடு முடிந்ததா? பக்கத்து ஊரான வெஸ்ட் ஹேவனில் இருக்கும் ஸுப்பார்டீஸ் ரசிகர்கள், `1934-லிருந்து நாங்களும்தான் இருக்கிறோம்' என்று குறுக்கே வருவார்கள். நகர மையத்தில் இருக்கும் `பார்' என்ற கடையின் உருளைக்கிழங்கு மசியல் பீட்சாவைச் சொன்னால், பழைய ஆட்கள் முகம் சுளிப்பார்கள், இளைஞர்கள் கைதட்டுவார்கள். எந்தக் கட்சியாக இருந்தாலும் குடிக்கும் சோடாவில் மட்டும் சண்டை இல்லை. 1922-ல் பக்கத்து ஈஸ்ட் ஹேவனில் தொடங்கிய ஃபாக்ஸன் பார்க் சோடாதான்.

நெடுஞ்சாலை பிரித்த தெரு

வெறும் ருசிச் சண்டையாக இருந்தால் இது இத்தனை வருடம் ஓடியிருக்குமா? இதற்குப் பின்னால் ஒரு வலியும் இருக்கிறது.

1950-களிலும் 60-களிலும் நியூ ஹேவன் `மாதிரி நகரம்' ஆக்கப்பட்டது. பழைய குடியிருப்புகள் இடிக்கப்பட்டன. ஓக் தெருப் பகுதி இருந்த சுவடே இல்லாமல் போனது. 91-ம் எண் நெடுஞ்சாலைக்காக முதலில் போட்ட திட்டம், வூஸ்டர் சதுக்கத்தையே விழுங்கியிருக்கும். மக்கள் எதிர்த்தார்கள். பாதை தள்ளிப்போனது. சதுக்கமும் அதைச் சுற்றிய பழைய வீடுகளும் தப்பின. ஆனாலும், அந்தச் சாலை குடியிருப்பையும் தொழிற்சாலைப் பகுதியையும் இரண்டாகப் பிரித்துவிட்டது. சார்ஜன்ட் தொழிற்சாலையும் பிறகு இடம் மாறியது. இத்தாலியக் குடும்பங்கள் பல, புறநகருக்கும் பக்கத்து ஊர்களுக்கும் குடிபெயர்ந்தன.

வீடு போனது, வேலை போனது, அக்கம்பக்கம் கலைந்தது. அடுப்பு மட்டும் அணையவில்லை. ஊரைவிட்டுப் போனவர்கள் ஞாயிற்றுக்கிழமையானால் காரில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு வூஸ்டர் தெருவுக்கே திரும்பி வந்தார்கள். தாத்தா எந்த வரிசையில் நின்றாரோ, அந்த வரிசையில்தான் அப்பா நின்றார், பிள்ளையும் நிற்கிறது. `எது பெஸ்ட்' என்று சண்டை போடுவதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் அவர்கள் `நாங்கள் எந்தக் குடும்பம்' என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

சபை வரை போன சண்டை

2024 மே மாதம் இந்த விவாதம் அமெரிக்க நாடாளுமன்றம் வரை போனது. நியூ ஹேவன் தொகுதி உறுப்பினர் ரோசா டிலாரோ, `அமெரிக்காவின் பீட்சா தலைநகரம் நியூ ஹேவன்தான்' என்று அவைக் குறிப்பிலேயே ஏற்றிவிட்டார். அவர் இதே இத்தாலியக் குடியிருப்பில் வளர்ந்தவர். அவருடைய அம்மா தையல் பட்டறையில் வேலை பார்த்தவர், பின்னாளில் நகர மன்ற உறுப்பினராகப் பல்லாண்டு இருந்தவர். அதே ஆண்டின் இறுதியில் மாநில எல்லையில் இருக்கும் வரவேற்புப் பலகைகளிலும் பீட்சா தலைநகரம் என்ற பெருமை ஏறியது. 1905-ல் தொடங்கிய லொம்பார்டீஸை முன்னோடியாகக் கொண்டாடும் நியூயார்க் ரசிகர்கள் இதை ஒப்புக்கொள்வார்களா என்ன?

பெருமையோடு ஒரு கவலையும் சேர்ந்தே வந்தது. பெப்பேஸ் 2006-ல் இருந்தே கிளைகள் திறக்கத் தொடங்கி, இன்று ஃப்ளோரிடா வரை போயிருக்கிறது. வூஸ்டர் தெரு அடுப்பைப் போலவே ஒவ்வொரு கிளைக்கும் நிலக்கரி அடுப்பு கட்டுகிறார்கள். சாலீஸில் சாலி 1989-ல் மறைந்தார், மனைவி ஃப்ளோரா 2012 வரை கடையின் முகமாக இருந்தார். 2017 இறுதியில் கடை குடும்பத்தாரிடம் இருந்து கைமாறியது. இப்போது அதற்கும் கிளைகள்.

`நல்ல விஷயம் நாலு ஊருக்குப் போகட்டுமே' என்கிறது ஒரு தரப்பு. வயதான காலத்தில் அடுப்படியில் நின்று கொண்டிருந்த குடும்பத்துக்கு ஓய்வு வேண்டாமா என்ற கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. `செங்கலை அப்படியே காப்பி அடிக்கலாம், அடுப்பு முன்னால் முப்பது வருடம் நின்ற கையை எப்படிக் காப்பி அடிப்பது?' என்கிறது இன்னொரு தரப்பு. பழைய `எது பெஸ்ட்' கேள்விக்குப் பக்கத்தில், `எது இன்னும் நம்ம ஊர்க் கடை' என்ற புதுக் கேள்வியும் வந்து உட்கார்ந்துவிட்டது.

தீர்ப்பு எப்படிச் சொல்வது?

என்றாவது நியூ ஹேவன் பக்கம் போகும் வாய்ப்பு கிடைத்தால், ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. ஒவ்வொரு கடையிலும் பிளெயின் தக்காளி பீட்சா ஒன்றை மட்டும் வாங்குங்கள். சீஸ் குவியலோ இறைச்சியோ இல்லாததால், குறையை மறைக்க அதில் வழியே இல்லை. மாவு, தக்காளி, நெருப்பு, கை. நான்கில் எது சொதப்பினாலும் முதல் கடியிலேயே தெரிந்துவிடும். சுத்த சைவர்களும் சாப்பிடலாமா என்றால், ரோமானோ சீஸில் ஆட்டுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் நொதி போன்ற விலங்குப் பொருள் சேரும் என்பதால், சீஸ் தூவ வேண்டாம் என்று சொல்லிவிடுவது நல்லது.

இன்னொரு விஷயம். பெரிய பெயர்கள் இருக்கும் ஊரில் சின்னக் கடைகள் பிழைப்பது கஷ்டம் என்பார்கள். இங்கே நடந்தது தலைகீழ். ஊரே விவாதிப்பதால் யாரும் அசட்டையாக இருக்க முடிவதில்லை. இன்றைக்கு மாவு சரியில்லை என்றால், நாளைக்கு வாடிக்கையாளர் பக்கத்துக் கடை வரிசையில் நிற்பார். அதுவும் கண்ணெதிரே, அதே தெருவில்.

அதனால்தான் இந்தச் சண்டைக்குத் தீர்ப்பு வராமல் இருப்பதே ஊருக்கு நல்லது. மாமன் கடையில் சாப்பிட்டுவிட்டு வெளியே வருபவர், மருமகன் கடை வரிசையைப் பார்த்து, `பாவம், இவங்களுக்குத் தெரியாது' என்று நினைத்துக்கொண்டே நடப்பார். அந்த வரிசையில் நிற்பவரும் இவரைப் பார்த்து அதையேதான் நினைப்பார்!