ஒரே பெயர், வேறு வேறு பொதி

கொழும்பில் தெமட்டகொடையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஓர் அச்சகத்துப் பழைய கணினியில் பாமினி எழுத்துருவில் தட்டெழுதிய அழைப்பிதழை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், ‘தமிழ்’ என்ற சொல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று சிதறி நிற்கும். குறியாக்கங்களை மாற்றும் மென்பொருள் நூலகங்கள் உண்டே எனலாம். உண்டுதான். ஆனால் எந்த இயங்குதளத்துக்கு எதைப் பொதிகட்டினார்கள் என்பதில்தான் சங்கதி இருக்கிறது. ‘ஐகான்வ்’ என்ற நூலகத்தையே பாருங்கள். லினக்ஸில் குனூ சி நூலகத்தோடு வரும் ஐகான்வுக்குத் திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கம் தெரியும். திஸ்கியில் ‘கொ’ என்பது கண்ணில் படும் வரிசையிலேயே கொம்பு, ககரம், கால் எனப் பதிவாகும். யுனிகோடில் ககரம் முந்தி, ஒகரக்குறி பிந்தி. ஆகவே வெறும் அட்டவணை போதாது. கொம்பைக் கையில் பிடித்துக்கொண்டு அடுத்த எழுத்து வரும்வரை நிரல் காத்திருக்கவேண்டும். அந்த நிரல் பிற இயங்குதளங்களுக்கென்று குனூ திட்டமே தனியாக வெளியிடும் லிப்ஐகான்வில் இல்லை. அல்பைன் லினக்ஸ் நம்பியிருக்கும் மஸ்ல் நூலகத்திலும் இல்லை. ஃபெடோரா, அரிதான மாற்றிகளைத் தனிப் பொதியாகப் பிரித்துவிட்டது. அதை நிறுவாதவருக்கு லினக்ஸிலும் திஸ்கி இல்லை. விண்டோஸோ இஸ்கி என்ற இந்தியக் குறியாக்கத்தின் தமிழுக்கு 57004 என்று எண் கொடுத்துவிட்டு, திஸ்கியைக் கண்டுகொள்ளவில்லை.

திஸ்கி இங்கே யாருக்கு வேண்டும், கொழும்பு தட்டெழுதியது பாமினியில்தானே என்று மறுக்கலாம். தமிழ் இலக்கியங்களை மின்னூலாக்கும் மதுரைத் திட்டத்தின் தொடக்ககால மின்னூல்கள் பல திஸ்கியில் வந்தவை. அவற்றின் பழைய படிகளை வைத்திருப்பவருக்கு வேண்டும். பாமினியைப் பொறுத்தவரை மறுப்பு நியாயமானதே. இந்தப் பொதிகள் எதிலும் அது கிடையாது. பொதிகட்டியவர்களைக் குறை சொல்லவும் முடியாது. பாமினி ஆங்கில எழுத்துக்குப் போட்ட தமிழ் வேடம். கோப்பிலுள்ள பைட்டு ‘ஜே’யா ‘த’வா என்பதை எழுத்துருவின் பெயர்தான் சொல்லும், ஐகான்வுக்கோ வெறும் பைட்டுகளே கிடைக்கின்றன. இணைய மாற்றிகள் போதுமே என்பது அடுத்த மறுப்பு. ஓர் அழைப்பிதழுக்குப் போதும். முழு ஆவணத்தையும் ஒட்டினால் அதிலுள்ள மின்னஞ்சல் முகவரியும் தமிழெழுத்துக் குவியலாகிவிடும். வாடிக்கையாளரின் கடிதங்களை முன்பின் அறியாத தளத்தில் ஒட்டுவதும் சரியல்ல. ஆவணத்தின் எழுத்துருக் குறிப்பைப் படித்து, பாமினிப் பகுதியை மட்டும் மாற்றும் நிரலே நமக்குத் தேவை. ஆகையால் பழைய கோப்புகளை வெறும் உரையாகச் சேமித்துவிடாதீர்கள். எழுத்துருவின் பெயர் அதோடு போய்விடும்.