குப்பை எங்கே பிறக்கிறது?



பிலிப்பைன்ஸ் நாட்டின் கேசோன் நகரில் பாயாத்தாஸ் என்றொரு பகுதி உண்டு. மணிலா பெருநகரின் குப்பை பல ஆண்டுகளாக அங்கே கொட்டப்பட்டது. அந்தக் குப்பை மலையின் அடிவாரத்தில், பழைய இரும்பும் பிளாஸ்டிக்கும் பொறுக்கி விற்றுப் பிழைத்த ஏழைக் குடும்பங்கள் குடிசை போட்டு வாழ்ந்தன. அவர்களது குடியிருப்பின் பெயர் 'லூப்பாங் பங்காக்கோ'. 'வாக்களிக்கப்பட்ட நாடு' என்பது அதன் பொருள். 2000-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள் காலை, பல நாள் மழையில் ஊறிப்போயிருந்த அந்தக் குப்பை மலை சரிந்து குடிசைகளை மூடியது, தீயும் பற்றிக்கொண்டது. 200-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

கத்தோலிக்கர்கள் பெரும்பான்மையாக வாழும் அந்த நாட்டை இந்தத் துயரம் உலுக்கியது. ஏழு மாதங்களுக்குள், 2001 ஜனவரி 26 அன்று, குடியரசுச் சட்டம் 9003 என்ற திடக்கழிவுச் சட்டம் கையெழுத்தானது. உலகின் நல்ல கழிவுச் சட்டங்களுள் ஒன்று என்று பலரும் அதைப் பாராட்டினர். அந்தச் சட்டம் எங்கே வென்றது, எங்கே தடுமாறியது என்று பார்த்தால், நமக்கும் ஒரு பாடம் கிடைக்கும்.

ஒரு படிக்கட்டு

கழிவைப் பற்றிய இன்றைய கொள்கைகள் எல்லாம் ஒரு படிக்கட்டைப் போல அமைந்தவை. மேல்படி, கழிவு உண்டாகாமலே தடுப்பது. அடுத்தது, ஒரு பொருளை மீண்டும் மீண்டும் பயன்படுத்துவது. மூன்றாவதுதான் மறுசுழற்சி. அதற்கும் உதவாததிலிருந்து ஆற்றலையோ வேறு பயனையோ பெறுவது நான்காவது. குப்பைமேட்டில் கொட்டுவது கடைசிப் படி. ஐரோப்பிய ஒன்றியம் 2008-இல் வெளியிட்ட கழிவு நெறிமுறையில் இந்த ஐந்து படிகளும் இதே வரிசையில் உள்ளன. பிலிப்பைன்ஸ் சட்டமும் கழிவைத் தவிர்ப்பதையும் அதன் அளவைக் குறைப்பதையும் முதலில் வைத்து, அதன் பிறகே மற்றவற்றைச் சொல்கிறது.

'சுழற்சிப் பொருளாதாரம்' என்று அறிஞர்கள் சொல்வதும் இதைத்தான். எடுப்பது, செய்வது, எறிவது என்று நேர்க்கோட்டில் ஓடும் வழக்கத்தை மாற்றி, ஒரு பொருள் பழுது பார்க்கப்பட்டு, மீண்டும் நிரப்பப்பட்டு, இறுதியில் உருக்கப்பட்டோ உரமாக்கப்பட்டோ திரும்பவும் பயனுக்கு வரும்படி முதலிலேயே திட்டமிட்டுச் செய்வது. காலி சோடா பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்ததும், பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசியதும், கிழிந்த வேட்டி குழந்தைக்குத் தொட்டிலானதும் நம் வீடுகளில் நடந்தவைதானே? பெயர்தான் புதிது, வழக்கம் பழையது.

எழுதப்படாத பட்டியல்

பிலிப்பைன்ஸ் சட்டத்தால் நன்மை விளையவில்லை என்று சொல்ல முடியாது. வீட்டிலேயே குப்பையைத் தரம் பிரிக்க வேண்டும், ஊர்தோறும் அதற்கென ஒரு மையம் வேண்டும், திறந்தவெளிக் குப்பைமேடுகளை மூட வேண்டும் என்று அது கட்டளையிட்டது. பம்பாங்கா மாநிலத்துச் சான் பெர்னாண்டோ நகரம் அதை உண்மையாகவே நடைமுறைப்படுத்தித் தன் குப்பையின் பெரும்பகுதியைக் குப்பைமேட்டுக்குப் போகாமல் காத்தது. ஆனால் எல்லா ஊர்களும் அப்படிச் செய்யவில்லை. பாயாத்தாஸ் கிடங்கே 2017-இல்தான் மூடப்பட்டது.

இதைவிட முக்கியமான குறை ஒன்று உண்டு. சுற்றுச்சூழலுக்கு ஒவ்வாத பொருள்களைப் பட்டியலிட்டுப் படிப்படியாக விலக்க வேண்டும் என்று சட்டம் சொன்னது. அந்தப் பட்டியலை ஓராண்டுக்குள் தயாரிக்க வேண்டும் என்றும் குறித்தது. இதுதான் படிக்கட்டின் மேல்படி. அந்தப் பட்டியலில் முதல் பொருள்கள் சேர 20 ஆண்டுகள் ஆயின. 2021-இல் சேர்க்கப்பட்டவை இரண்டே இரண்டு: குளிர்பானம் உறிஞ்சும் பிளாஸ்டிக் குழல், காபி கலக்கும் பிளாஸ்டிக் குச்சி.

இல்லத்தரசி தன் கடமையைச் செய்தார். துப்புரவுப் பணியாளர் தன் கடமையைச் செய்தார். பொருளைச் செய்து விற்றவரை மட்டும் இருபது ஆண்டுகள் யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஒரு சின்னப் பாக்கெட்டின் கதை

பிலிப்பைன்ஸ் மக்களிடம் 'திங்கி' என்றொரு வழக்கம் உண்டு. அன்றாடக் கூலியில் வாழ்பவர்கள் அன்றைக்குத் தேவையானதை மட்டும் சில்லறையாக வாங்குவது. வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுபோய்ப் பெட்டிக்கடையில் கொஞ்சம் எண்ணெயோ காடியோ வாங்கி வருவார்கள். நம் ஊர் மளிகைக் கடையில் நூறு மில்லி எண்ணெய்க்குப் பாட்டிலை நீட்டிய பழக்கமும் இதுவே. இதில் குப்பை ஏது?

இந்த நல்ல வழக்கத்தின் மேல்தான் சாஷே பாக்கெட் வந்து அமர்ந்தது. ஷாம்பு, காபித்தூள், சோப்புத்தூள் எல்லாம் ஒரு முறைக்கு ஒரு பாக்கெட். பிலிப்பைன்ஸில் ஒரு நாளைக்குச் சுமார் 16 கோடி சாஷேக்கள் பயன்படுத்தப்படுவதாக 2019-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. இதில் நமக்கும் பங்கு உண்டு. ஷாம்புவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து ஏழைக்கும் எட்டும் விலையில் விற்கும் உத்தி 1980-களில் நம் கடலூரிலிருந்து பரவியதுதான்.

அது ஏழைக்குச் செய்த உதவியை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த உறை பல அடுக்குப் பிளாஸ்டிக்கால் ஆனது. சிலவற்றில் அலுமினியப் படலமும் இருக்கும். அடுக்குகளைப் பிரித்தெடுக்க ஆகும் செலவுக்கு அது தாங்காது. பழைய பொருள் கடையில் அதற்கு விலை இல்லை. விலை இல்லாததால் அதைப் பொறுக்குவாரும் இல்லை. சாக்கடையை அடைத்து, மழையில் ஆற்றுக்கும் கடலுக்கும் போய்ச் சேர்கிறது. மக்கள் எவ்வளவு ஒழுங்காகத் தரம் பிரித்தாலும் இந்த உறையை மறுசுழற்சி செய்வது கடினம். அதன் விதி தொழிற்சாலையில், அதை வடிவமைத்த மேசையிலேயே எழுதப்பட்டுவிட்டது.

இதை உணர்ந்துதான் பிலிப்பைன்ஸ் 2022-இல் இன்னொரு சட்டம் கொண்டுவந்தது. அதன்படி, பெரிய நிறுவனங்கள் தாங்கள் சந்தையில் விட்ட பிளாஸ்டிக் உறைகளுக்குத் தாங்களே பொறுப்பு. 2023-இல் 20 விழுக்காடு, ஆண்டுதோறும் கூடி 2028-இல் 80 விழுக்காடு அளவுக்கு மீட்டெடுக்க வேண்டும். நல்ல திருப்பம்தான். ஆயினும் 'மீட்டெடுத்தல்' என்பதில் சிமெண்ட் ஆலைச் சூளையில் எரிப்பதும் அடங்குகிறதே என்று சூழல் ஆர்வலர்கள் வருந்துகின்றனர். மேல்படியில் ஏற வேண்டியவர் நான்காம் படியிலேயே நின்றுவிடலாம் அல்லவா?

நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. 2023 முதல் சான் ஹுவான், கேசோன் ஆகிய நகரங்களின் பெட்டிக்கடைகள் சிலவற்றில் சோப்பு நீர்மம் போன்றவற்றை மக்கள் தங்கள் பாட்டிலிலேயே வாங்கும் முயற்சி தொடங்கியுள்ளது. பாயாத்தாஸ் இருக்கும் அதே கேசோன் நகரில் பழைய 'திங்கி' திரும்பி வருகிறது.

எஞ்சியதும் அப்பமாக இருந்தது

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் திருமடலில் இதையே சுட்டிக்காட்டினார். இயற்கையில் ஓர் உயிரின் கழிவு இன்னொன்றுக்கு உணவாகிறது. நம் தொழில்துறையோ தன் கழிவைத் தானே ஏற்று மீண்டும் பயன்படுத்தும் சுழற்சி முறையை இன்னும் கற்கவில்லை என்பது அவரது கவலை. மனிதரையும் பொருளையும் தூக்கியெறியும் கலாச்சாரம் ஒன்றே என்றும் அவர் உணர்த்தினார். பாயாத்தாஸில் இந்த இரண்டும் ஒரே இடத்தில் கிடந்தன.

ஐயாயிரம் பேர் உண்ட பின் இயேசு எஞ்சிய துண்டுகளைச் சேர்த்து வைக்கச் சொன்னார். பன்னிரண்டு கூடைகள் நிறைந்தன. சிந்தித்துப் பார்ப்போம். எஞ்சியதும் அப்பமாகவே இருந்ததால்தான் அதைச் சேர்த்து வைக்க முடிந்தது. நம் திருவிழா முடிந்த மறுநாள் ஆலய வளாகத்தில் எஞ்சிக் கிடப்பதை எந்தக் கூடையில் சேர்ப்பது? யாருக்குக் கொடுப்பது?

நம் வாசலில்

நம் நாட்டிலும் இதே கதைதான். 2016-ஆம் ஆண்டுப் பிளாஸ்டிக் கழிவு விதிகள், மறுசுழற்சி செய்ய முடியாத பல அடுக்கு உறைகளை இரண்டு ஆண்டுகளில் விலக்கச் சொல்லின. 2018-இல் வந்த திருத்தம், எரித்து ஆற்றல் பெறவோ வேறு பயனுக்கோ உதவுபவற்றுக்கு விலக்கு அளித்து வாசலைத் திறந்துவிட்டது. 2022 ஜூலை 1 முதல் தடை செய்யப்பட்ட பொருள்களின் பட்டியலிலும் ஷாம்பு சாஷே இல்லை.

எனவே நாம் செய்யக்கூடியவை இரண்டு வகை. முதலாவது, நம் கையில் இருப்பவை. பங்குத் திருவிழா விருந்துக்கு வாழை இலையும் எவர்சில்வர் தம்ளரும் போதும். பங்குக்கென்று ஒரு தொகுதி தட்டும் தம்ளரும் வாங்கி வைத்தால் ஒவ்வோர் இல்ல நிகழ்வுக்கும் கொடுக்கலாம். மகளிர் குழுக்கள் சோப்பு நீர்மத்தையும் எண்ணெயையும் மொத்தமாக வாங்கி, அன்பியக் கூட்டத்தன்று அவரவர் பாட்டிலில் அளந்து கொடுக்கலாம். ஏழைக்குச் சில்லறையாகவும் கிடைக்கும், குப்பையும் சேராது.

இரண்டாவது, நாம் கேட்க வேண்டியவை. கிராமசபையில் தெரு சுத்தமில்லை என்று முறையிடுவதோடு நின்றுவிடாமல், இந்தக் குப்பையை உண்டாக்கியவர் அதைத் திரும்ப எடுக்க என்ன ஏற்பாடு என்றும் கேட்போம். வாக்குக் கேட்டு வருபவரிடமும் அதையே கேட்போம்.

குனிந்து பொறுக்குவது நற்செயல்தான். ஆனால் எப்போதும் குனிந்திருப்பது அந்த ஏழைச் சகோதரியாகவே இருக்கிறார். அவர் பொறுக்க வேண்டியதே குறையும்படி, நிமிர்ந்து நின்று ஒரு கேள்வியாவது கேட்க முன்வருவோமா?