பந்தயக் காரை எங்கிருந்து பார்ப்பது?



இன்றைய பேச்சுக்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள் உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு நன்கு பழக்கமானது. பெற்றோர்களுக்கோ சற்றுப் புதியது. கைப்பேசியிலோ கணினியிலோ தொலைக்காட்சியோடு இணைத்த விளையாட்டுப் பெட்டியிலோ பிள்ளைகள் கார்ப் பந்தயம் ஆடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த விளையாட்டுகள் பலவற்றில் திரையின் ஓரத்தில் கேமரா படம் போட்ட சிறு பொத்தான் ஒன்று இருக்கும். அதை ஒருமுறை அழுத்தினால் கார் நமக்கு முன்னால் தெரியும். இன்னொரு முறை அழுத்தினால் காரே மறைந்து, சாலை மட்டும் தெரியும். மேலும் ஒருமுறை அழுத்தினால் நாம் காருக்குள் அமர்ந்திருப்பதுபோல் ஸ்டீயரிங் தெரியும்.

கார் ஒன்றுதான், சாலையும் ஒன்றுதான். அப்படியிருக்க, இத்தனை பார்வைகள் எதற்கு? எதைத் தேர்ந்தெடுப்பது நல்லது? இது விளையாட்டுப் பிள்ளைகளின் கேள்விதானே என்று பெற்றோர்கள் ஒதுக்கிவிட வேண்டாம். இந்தக் கேள்விக்கும், நாளை அதே பிள்ளை உண்மையான சாலையில் செல்லும்போது அவன் உயிருக்குள்ள பாதுகாப்புக்கும் ஒரு தொடர்பு உண்டு. அதைக் கடைசியில் காண்போம்.

முதலில், இங்கே கேமரா என்பது என்ன? உண்மையில் அப்படியொரு கருவி அங்கே இல்லை. காரும் சாலையும் மரங்களும் எந்தெந்த இடத்தில் இருக்கின்றன என்ற கணக்கு மட்டுமே கணினியில் இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட இடத்திலிருந்து பார்த்தால் அவை எப்படித் தோன்றும் என்று கணக்கிட்டு, ஒரு விநாடிக்குள் பல படங்களாகக் கணினி வரைந்து காட்டுகிறது. அந்தக் குறிப்பிட்ட இடத்தைத்தான் கேமரா என்கிறோம்.

தோட்டத்துக் கோயில் திருவிழாவில் இரதம் ஊர்வலம் வருவதை நினைத்துப் பாருங்கள். இரதத்தில் அமர்ந்திருக்கும் குருக்களுக்கு எதிரே வரும் கூட்டம் தெரியும். இரதத்தின் பின்னால் நடந்து வருபவருக்கு அதன் முதுகும் இரண்டு பக்கமும் தெரியும். தூரத்து மேட்டில் நிற்பவருக்கு ஊர்வலம் செல்லும் வழி முழுவதும் தெரியும். ஆனால் சுவாமியின் அலங்காரம் தெரியாது. ஊர்வலம் ஒன்று, காட்சி மூன்று. ஒவ்வோர் இடமும் ஒன்றைக் காட்டி இன்னொன்றை மறைக்கிறது. நாம் இன்று சொல்ல வந்ததன் சாரம் இதுதான்.

இந்தப் பார்வைகள் எல்லாம் ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அட்டாரி நிறுவனம் கிரான் டிராக் 10 என்ற விளையாட்டை வெளியிட்டது. அது காசு போட்டு ஆடும் பெரிய பெட்டி. பந்தயப் பாதை முழுவதும் மேலிருந்து பார்ப்பதுபோல் திரையில் தெரியும். கார் அதில் ஒரு சிறு புள்ளிக் கூட்டமாக ஓடும். 1976இல் அதே நிறுவனம் நைட் டிரைவர் என்ற விளையாட்டில் நம்மை ஓட்டுநரின் இடத்தில் அமர்த்தியது. இருட்டுச் சாலையின் இருபுறமும் வெள்ளைக் கம்பங்கள் மட்டும் விரைந்து வரும். காரின் முகப்பைக்கூட அந்தப் பொறி வரையவில்லை. திரையின் கீழ்ப்பகுதியில் ஒரு படத்தைத் தனியே பொருத்தியிருந்தார்கள். 1982இல் ஜப்பானின் நாம்கோ நிறுவனம் வெளியிட்ட போல் பொசிஷன், காரின் பின்னால் சற்று உயரத்திலிருந்து பார்க்கும் முறையை உலகெங்கும் பரப்பியது. பிறகு 1992இல் ஜப்பானின் செகா நிறுவனம் வெர்ச்சுவா ரேசிங் என்ற விளையாட்டில் நான்கு பொத்தான்களை வைத்தது. ஓடிக்கொண்டிருக்கும்போதே அவற்றை அழுத்தி, நான்கு பார்வைகளில் விரும்பியதற்கு மாறிக்கொள்ளலாம். எந்தப் பார்வை வேண்டும் என்பதை அதில் ஆடுபவரே தீர்மானிக்கலாம்.

இனி, இன்றைய விளையாட்டுகளில் பொதுவாகக் கிடைக்கும் பார்வைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, பின்பார்வை. கேமரா காருக்குப் பின்னால், சற்று உயரத்தில் இருக்கும். புதிதாக ஆடுபவர்களுக்கு இது எளிது. காரின் அகலம் கண்முன் தெரிவதால், சாலையின் ஓரத்துக்கும் நம் சக்கரத்துக்கும் இடையில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம். பக்கத்தில் நெருங்கி வரும் காரும் தெரியும். வளைவில் காரின் பின்புறம் வழுக்கினால் அதுவும் கண்ணுக்குத் தெரியும். ஆனால் இதில் இரண்டு குறைகள் உண்டு. நம் காரே முன்னால் நின்று சாலையின் ஒரு பகுதியை மறைக்கிறது. மேலும், பல விளையாட்டுகளில் கார் திரும்பிய பிறகுதான் கேமரா மெதுவாகத் திரும்புகிறது. அந்தச் சிறு தாமதத்தால் ஸ்டீயரிங்கைத் தேவைக்கு மேல் திருப்பிவிடுகிறவர்கள் பலர்.

இரண்டாவது, பம்பர் பார்வை. கேமரா காரின் முன்னால், தரைக்கு மிக அருகில் இருக்கும். கார் தெரியாது; சாலை மட்டுமே தெரியும். இந்தப் பார்வையில் வேகம் மிக அதிகமாகத் தோன்றும். காரணம் என்ன? உயரமான லாரியில் அமர்ந்து செல்லும்போது மெதுவாகத் தோன்றும் அதே வேகம், தாழ்வான காரில் செல்லும்போது பறப்பதுபோல் தோன்றுவதை நீங்கள் உணர்ந்திருப்பீர்கள். கண் தரைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ, அவ்வளவு வேகமாகத் தரை நம்மைக் கடந்து ஓடுவதுபோல் தெரியும். இன்னொரு நன்மை, கார் சிறிது திரும்பினாலும் திரைக்காட்சி முழுவதும் உடனே திரும்புவதால், வழுக்கலை விரைவில் உணரலாம். ஆனால் காரின் அகலத்தை மனத்தில்தான் வைத்திருக்க வேண்டும். மேடு வந்தால் அதற்கு அப்பால் இருப்பது கடைசிவரை தெரியாது.

மூன்றாவது, பானெட் பார்வை. காரின் முன்மூடி திரையின் அடியில் சிறிது தெரியும். மற்ற இடமெல்லாம் சாலை. முன்மூடியை அளவுகோலாகக் கொண்டு கார் எங்கே நிற்கிறது என்று கணிக்கலாம், சாலையும் மறைவதில்லை. பின்பார்வையில் பழகியவர்கள் அடுத்த படிக்குச் செல்ல இது ஏற்றது.

நான்காவது, ஓட்டுநர் பார்வை. ஸ்டீயரிங், வேகமானி, முன்கண்ணாடியின் தூண்கள் எல்லாம் தெரியும். உண்மைக்கு மிக நெருக்கமானது இதுவே. ஸ்டீயரிங் கருவியை மேசையில் பொருத்தி, பெரிய திரைக்கு அருகில் அமர்ந்து ஆடுபவர்கள் இதை விரும்புகிறார்கள். ஆனால் காரின் உட்புறமே திரையில் பெரும் இடத்தை எடுத்துக்கொள்கிறது. ஸ்டீயரிங் இடப்பக்கம் உள்ள வெளிநாட்டுக் காராக இருந்தால், வலப்பக்கம் அமர்ந்து பழகிய நமக்குச் சாலையின் நடுவைக் கணிப்பதும் சற்றுச் சிரமமாகும்.

ஐந்தாவது, மேலிருந்து பார்ப்பது. வரப்போகும் வளைவை முன்கூட்டியே காணலாம். ஆனால் வேக உணர்வு குறைவு. விமானத்திலிருந்து பார்த்தால் கீழே ஓடும் கார்கள் ஊர்வதுபோல் தெரிகின்றன அல்லவா, அதுபோல.

ஆக, எது சிறந்தது என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை. திரையின் அளவையும் அதற்கும் கண்ணுக்கும் உள்ள தூரத்தையும் முதலில் பார்க்க வேண்டும். 15 சென்டிமீட்டர் அகலமுள்ள கைப்பேசியை 30 சென்டிமீட்டர் தூரத்தில் பிடித்தால், அது நம் பார்வையில் ஏறக்குறைய 28 பாகையை மட்டுமே நிரப்பும். ஒரு மீட்டர் அகலமுள்ள தொலைக்காட்சியை இரண்டரை மீட்டர் தள்ளி அமர்ந்து பார்த்தால், அது 23 பாகைதான். கைப்பேசியைவிடவும் குறைவு! 60 சென்டிமீட்டர் அகலமுள்ள கணினித் திரையின் முன் அதே 60 சென்டிமீட்டர் தூரத்தில் அமர்ந்தால் 53 பாகை கிடைக்கும். நம் இரு கண்களும் இயல்பாகக் காணும் பரப்போ 180 பாகைக்கும் அதிகம். எனவே சிறு திரையில் ஓட்டுநர் பார்வையை வைப்பது, வீட்டுச் சன்னலுக்குள் இன்னொரு சிறிய சன்னல் வைத்துப் பார்ப்பது போன்றது. கைப்பேசிக்குப் பின்பார்வையோ பானெட் பார்வையோ பொருந்தும். அருகில் உள்ள பெரிய திரைக்கு ஓட்டுநர் பார்வை பொருந்தும்.

பிறகு, சோதித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரே கார், ஒரே பாதை, ஒவ்வொரு பார்வையிலும் ஐந்து சுற்று. ஒவ்வொரு சுற்றின் நேரத்தையும், எத்தனை முறை சாலையைவிட்டு இறங்கினோம் என்பதையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். நம் நாட்டின் சிப்பாங் பந்தயத் தளம் இதற்கு நல்ல பாதை. 1999 முதல் 2017 வரை ஃபார்முலா ஒன் பந்தயம் நடந்த தளம் அது. அதை 2010ஆம் ஆண்டில் வந்த எஃப்1 2010 போன்ற விளையாட்டுகளில் காணலாம். நீளம் 5.543 கிலோமீட்டர், 15 வளைவுகள். நீண்ட நேர்ப்பாதை முடிந்ததும் வலப்பக்கம் வரவர இறுகிக்கொண்டே போகும் முதல் வளைவும், உடனே இடப்பக்கம் மடங்கும் இரண்டாம் வளைவும், எந்தப் பார்வையில் பிரேக்கைச் சரியான இடத்தில் மிதிக்கிறோம் என்பதை நன்றாகக் காட்டிக்கொடுக்கும். ஒருமுறை கிடைத்த வேகத்தைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம். ஐந்து சுற்றும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் முடிகிற பார்வையே உங்களுக்கு ஏற்ற பார்வை.

சிலருக்கு ஆடும்போது தலை சுற்றும், குமட்டும். கண் ஓடுகிறோம் என்கிறது; காதின் உட்பகுதியில் உள்ள சமநிலை உறுப்போ அசையாமல் இருக்கிறோம் என்கிறது. இந்த முரண்பாடுதான் காரணம். அப்படிப்பட்டவர்கள் திரையிலிருந்து தள்ளி அமரட்டும். அறையில் விளக்கு எரியட்டும். கேமரா குலுங்கும் வசதி இருந்தால் அதை நிறுத்தட்டும். தலை சுற்றத் தொடங்கியதுமே ஆட்டத்தை நிறுத்திவிடுவது நல்லது.

இனி, முதலில் சொன்ன தொடர்புக்கு வருவோம். மலேசியாவில் 16 வயது நிரம்பினால் மோட்டார் சைக்கிள் உரிமம் பெறலாம். நம் சாலைகளில் உயிரிழப்பவர்களில் பெரும்பாலோர் மோட்டார் சைக்கிளில் செல்பவர்கள் என்பதும் யாவரும் அறிந்த துயரம். தோட்டத்துப் பாதையில் செம்பனைக் குலை ஏற்றிய லாரியும் டிராக்டரும் செல்லும். பின்பார்வையிலேயே பல ஆண்டுகள் ஆடிய பிள்ளைக்கு, வாகனத்தின் நான்கு பக்கமும் எப்போதும் தெரியும் என்ற எண்ணம் மனத்தில் படிந்துவிடலாம். லாரி ஓட்டுநருக்கும் தன்னைத் தெரியும் என்று அவன் நம்பிவிடலாம். ஆனால் உண்மை லாரிக்குப் பின்னால் கேமரா பறந்து வருவதில்லை. அதன் முகப்புக்கு நேர் முன்னேயும், பின்புறத்திலும், இரு பக்கங்களிலும் ஓட்டுநரின் கண்ணுக்கு எட்டாத இடங்கள் உண்டு.

இதை அந்த விளையாட்டைக்கொண்டே கற்பிக்கலாம். பிள்ளையின் அருகில் அமருங்கள். பின்பார்வையில் இருக்கும்போது, இன்னொரு காரைத் தன் காரின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் வரவிடச் சொல்லுங்கள். இரண்டு கார்களும் தெளிவாகத் தெரியும். உடனே பொத்தானை அழுத்தி ஓட்டுநர் பார்வைக்கு மாறச் சொல்லுங்கள். பக்கத்தில் இருந்த கார் காணாமல் போயிருக்கும்! பக்கக் கண்ணாடி உள்ள விளையாட்டிலும் ஒரு பகுதி மறைந்தே இருக்கும். கார் எங்கே போயிற்று என்று கேளுங்கள். அது போகவில்லை, அங்கேயேதான் இருக்கிறது, ஓட்டுநருக்குத்தான் தெரியவில்லை என்று பிள்ளை தானாகவே சொல்வான். அப்போது எடுத்துச் சொல்லுங்கள்: "ஐயா, சாலையில் நீ அந்தக் காராக இருக்கிறாய். லாரியின் பக்கக் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் உனக்குத் தெரியவில்லை என்றால், அவருக்கும் நீ தெரியவில்லை என்று வைத்துக்கொள். அந்த இடத்தில் நிற்காதே."

மகளிடமும் இதைச் சொல்லுங்கள். பேட்டரி சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் அவளும் அதே சாலையில்தான் செல்கிறாள்.

நேயர்களே, விளையாட்டில் எந்தப் பார்வையையும் தேர்ந்தெடுக்கும் உரிமை நமக்கு உண்டு. பிடிக்காவிட்டால் பொத்தானை அழுத்தி மாற்றிக்கொள்ளலாம். சாலையில் நமக்குக் கிடைப்பது ஒரே பார்வை. எதிரே வருபவருக்கும் ஒரே பார்வை. ஆகவே விளையாடும்போது ஒவ்வொரு பார்வையும் எதைக் காட்டுகிறது என்பதோடு, எதை மறைக்கிறது என்பதையும் பிள்ளைகள் கேட்டுப் பழகட்டும். அந்தப் பழக்கம் பந்தயத்தில் வெற்றியைத் தரும்; சாலையில் உயிரைக் காக்கும்.