கையடக்க விளையாட்டுக் கருவிகளும் சந்தைப் போட்டியின் இயங்கியலும்

பண்பாட்டு உற்பத்தி பற்றி ஆராயப் புகுவோர் நூல், நாடகம், திரைப்படம் ஆகியவற்றோடு நின்றுவிடுவதே எம்மிடையே பெருவழக்கு. கைக்குள் அடங்கும் மின்னணு விளையாட்டுக் கருவி சிறுவரின் பொழுதுபோக்குப் பொருளெனத் தள்ளப்பட்டுவிடுகின்றது. ஆயின், ஒரே கருவி பதினைந்து கோடிக்கு மேல் விற்பனையாகும் ஒரு துறையை அவ்வாறு தள்ளிவிட முடியாது. இத்துறையில் எது வெல்லும், எது தோற்கும் என்ற வினாவுக்கு வணிக ஏடுகள் தரும் விடை பெரும்பாலும் ஒன்றே: வேகமும் திரைத் தெளிவும் கூடிய கருவி வெல்லும். முற்போக்காளர் சிலரும், உற்பத்திச் சக்திகளின் வளர்ச்சியே யாவற்றையும் நேரடியாகத் தீர்மானிக்கும் என்ற யாந்திரிக விளக்கத்தின் வழிநின்று, இதே முடிவுக்கு வந்து சேர்வர். 1989 முதலான சந்தை வரலாறு இவ்விரு சாராரது கணிப்பையும் பொய்ப்பித்துள்ளது.

இக்கருவியின் பிறப்பிலிருந்து தொடங்குவது பொருத்தமானது. நின்ரெண்டோ 1889இல் யப்பானின் கியோட்டோ நகரில் விளையாட்டுச் சீட்டுகள் செய்யும் தொழிலகமாகத் தோன்றியது. அங்கு 1965இல் இயந்திரங்களைப் பராமரிக்கும் பணிக்குச் சேர்ந்தவர் குன்பெய் யொக்கோய். அதிவேகப் புகையிரதத்தில் சலிப்புற்றிருந்த அலுவலர் ஒருவர் தமது கணிப்பானின் பொத்தான்களை வெறுமனே அழுத்திக்கொண்டிருந்ததை அவர் கண்டார் என்றும், 1980இல் வெளிவந்த 'கேம் அன்ட் வோச்' கருவிக்கான எண்ணம் அதிலிருந்தே பிறந்ததென்றும் கூறப்படுவதுண்டு. கதை எவ்வாறாயினும், அது சுட்டும் சமூகச் சூழல் உண்மையானது. வீட்டுக்கும் வேலைத்தலத்துக்கும் இடையே, ஊதியமும் இன்றி ஓய்வும் இன்றிக் கழியும் நேரமே இக்கருவியின் முக்கியமான சந்தையாயிற்று. 1848இல் லண்டன் யூஸ்ரன் நிலையத்தில் டபிள்யூ. எச். ஸ்மித் நிறுவனம் புத்தகக் கடை திறந்ததும், புகையிரதப் பயணிகளுக்கென்றே மலிவு நாவல்கள் அச்சிடப்பட்டதும் ஆங்கில நாவல் வரலாற்றைக் கற்றோர் அறிந்தவையே. ஓய்வு என்பது வேலையின் நீட்சியாகவே ஒழுங்கமைக்கப்படுகின்றது என்ற அடோர்னோ, ஹோர்க்ஹைமர் ஆகியோரது வாதம் பல இடங்களில் மிகைப்பட்டது என்பதே என் கருத்து. இந்தப் பயண நேரத்துக்கு அது மிகையின்றிப் பொருந்துகின்றது.

யொக்கோயின் உற்பத்திக் கொள்கை தனியே கவனிக்கத்தக்கது. கணிப்பான் உற்பத்தியாளரிடையே எழுந்த கடும் போட்டி திரவப் படிகத் திரையின் விலையை வீழ்த்தியிருந்தது. புதுமை நீங்கி மலிந்துபோன தொழில்நுட்பத்தை வேறொரு பயன்பாட்டுக்குத் திருப்புவதே அவரது வழி. புதியதும் மலிவானதுமான இயந்திரம் வந்ததும் பழையது உடலளவில் தேயுமுன்னரே பெறுமதியை இழக்கின்றது என மார்க்ஸ் மூலதனத்தில் விளக்கியிருக்கின்றார். ஏனைய முதலாளிகளுக்கு இழப்பாக அமைந்த அத்தேய்மானத்தை யொக்கோய் தமது நிறுவனத்தின் இலாபத்துக்கு ஊற்றாக்கினார்.

இதன் விளைவை 1989இல் காணலாம். அவ்வாண்டில் வெளிவந்த நின்ரெண்டோவின் 'கேம் போய்', நிறமற்ற மங்கிய திரையைக் கொண்டது. ஐக்கிய அமெரிக்காவில் அதன் விலை ஏறத்தாழ 90 டொலர். அதே ஆண்டில் அற்றாரி நிறுவனம் வண்ணத் திரையுடைய 'லிங்ஸ்' கருவியை இருமடங்கு விலையில் வெளியிட்டது. 1990இல் சேகாவின் 'கேம் கியர்' வந்தது. அதுவும் வண்ணத் திரையுடையது. தொழில்நுட்பத்தில் இவ்விரண்டும் மேலானவை. ஆயின் அவை ஆறு பற்றறிகளைச் சில மணித்தியாலங்களில் விழுங்கின. கேம் போய் நான்கு பற்றறிகளுடன் பதினைந்து மணித்தியாலத்துக்குக் குறையாது இயங்கியது. பயணத்தில் இருப்பவனுக்கு வண்ணத்தைவிட இதுவே பெரிது. கேம் கியர் ஏறத்தாழ ஒரு கோடி விற்பனையானது. கேம் போயும் அதன் வண்ண வகையும் சேர்ந்து 11 கோடி 86 இலட்சத்தை எட்டின.

மலிவு மட்டுமே இவ்வெற்றிக்குக் காரணமன்று. இங்கு பண்டம் இரண்டாகப் பிளவுண்டிருப்பதை நோக்குதல் வேண்டும். வாங்குவோன் கருவியை ஒருமுறை வாங்குகின்றான். காட்றிஜ் எனப்படும் சிறு பேழைகளில் அடங்கிய விளையாட்டுகளையோ தொடர்ந்து வாங்குகின்றான். அவற்றுட் பலவற்றை ஆக்குவோர் வேறு நிறுவனத்தார். கருவிக்குரிய நிறுவனம் அவர்களிடம் உரிமக் கட்டணம் பெறுகின்றது. ஆகவே இது நிலத்தில் உழாத நிலவுடைமையாளன் பெறும் குத்தகையை ஒத்தது. அக்குத்தகையைக் காக்கும் வேலி கேம் போயினுள் எவ்வாறு அமைந்திருந்தது என்பது சுவையான செய்தி. கருவியை இயக்கியதும் அது பேழையில் நின்ரெண்டோவின் பெயர்ச்சின்னம் பொறிக்கப்பட்டிருக்கின்றதா எனத் தன்னிடமுள்ள வடிவத்தோடு ஒப்பிடும். பொருந்தாவிடின் இயங்க மறுக்கும். அனுமதியற்ற ஆக்குநன் எவனும் தன் விளையாட்டை இயக்க அச்சின்னத்தைப் பிரதிசெய்தே ஆகவேண்டும். பிரதிசெய்தால் வணிகக்குறிச் சட்டத்தில் அகப்படுவான். எழுத்தின் சமூகப் பயன்கள் பற்றி ஆராயும் எமக்கு, ஒரு பெயரே பூட்டாகத் தொழிற்படும் இவ்வுதாரணம் எளிதில் மறக்கக்கூடியதன்று.

குத்தகை பெறுவோன் நிலத்தை வளமாக வைத்திருக்கவும் வேண்டும். அதாவது, மக்கள் விரும்பும் ஆக்கங்கள் தன் கருவியில் இருக்குமாறு பார்த்துக்கொள்ளல் வேண்டும். 2004இல் சோனியின் 'பிஎஸ்பி', நின்ரெண்டோவின் 'டிஎஸ்' ஆகியன எதிர்நின்றபோது ஆற்றலில் பிஎஸ்பி மேலோங்கியிருந்தது. அது ஏறத்தாழ எட்டுக் கோடி விற்றமை தோல்வியாகாது. ஆயினும் தொடுதிரையைக் கொண்டு, முதியோர்க்கான மூளைப் பயிற்சிகளைக்கூட விளையாட்டாக்கி, முன்பு விளையாடாதோரையும் ஈர்த்த டிஎஸ் 15 கோடி 40 இலட்சம் விற்றது. 2011இல் இதன் மறுபக்கம் வெளிப்பட்டது. நின்ரெண்டோவின் '3டிஎஸ்' 25,000 யென் விலையில் வெளிவந்து தேங்கியது. ஆறே மாதத்தில் விலை 15,000 யென்னாகக் குறைக்கப்பட்டது. கருவி நட்டத்துக்கு விற்கப்பட்டது. தலைவர் சற்றோரு இவாற்றா தமது சம்பளத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். இச்செய்கையைப் பலர் அறநெறியாகப் புகழ்ந்தனர். நட்டத்தைத் தாங்க வழிசெய்தது விளையாட்டு விற்பனையே என்பதை அப்புகழ்ச்சி மறைத்துவிட்டது. பிஎஸ்பியின் பெரும் பலமாயிருந்த 'மொன்ஸ்டர் ஹன்ரர்' தொடர் அவ்வாண்டு டிசெம்பரில் 3டிஎஸ்ஸில் வெளிவந்தது. அதே மாதம் வந்த சோனியின் 'வீற்றா' ஆற்றல் மிக்கதாயினும் அத்தொடரின்றியே சந்தைக்கு வந்தது. அதன் உற்பத்தி 2019இல் நின்றுபோயிற்று.

எனினும் 3டிஎஸ் பெற்ற வெற்றியும் டிஎஸ்ஸின் பாதியளவே. 2008இல் அப்பிள் நிறுவனம் கைத்தொலைபேசிக்கான செயலிச் சந்தையைத் திறந்து, விற்பனையில் 30 வீதத்தைத் தனதாக்கிக்கொண்டது. குத்தகையின் விதி மாறவில்லை. பயண நேரம் என்ற நிலம் வேறொருவர் கைக்கு மாறியது. 2017இல் வந்த 'ஸ்விற்ச்', தொலைக்காட்சியோடும் இணைந்து, வீட்டிலுள்ள ஓய்வையும் தன் எல்லைக்குள் கொண்டுவந்ததாலேயே 15 கோடியைக் கடந்தது.

2025 யூன் 5ஆந் திகதி வெளியான 'ஸ்விற்ச் 2' நான்கு நாட்களில் 35 இலட்சம் விற்றது. 2026 மார்ச் வரையான நிதியாண்டுக்கு முதலில் ஒன்றரைக் கோடியென மதிப்பிட்ட நிறுவனம், 2025 நவம்பரில் அதை 1 கோடி 90 இலட்சமாக உயர்த்தியது. யப்பானில் அது இருவகையாக விற்பனைக்கு வந்தது: யப்பானிய மொழியில் மட்டும் இயங்குவது 49,980 யென், பல மொழிகளில் இயங்குவது 69,980 யென். யென்னின் வீழ்ச்சியால் மலிந்த கருவியை வெளிநாட்டார் வாங்கிச் செல்லாது தடுக்க, மொழி சுங்கவேலியாகியுள்ளது. அக்கருவிக்கான பேழைகள் சிலவற்றில் விளையாட்டே இல்லை. அதைத் தரவிறக்குவதற்கான திறவுகோல் மட்டுமே உண்டு. வால்வ் நிறுவனத்தின் 'ஸ்டீம் டெக்' 2022இல் 399 டொலருக்கு வந்ததும் தன் இணையக் கடையின் குத்தகையை நம்பியே. அத்தகைய கடை இல்லாத கணினி உற்பத்தியாளர் கருவியிலேயே இலாபம் காணவேண்டியவர்; 2025 ஒக்ரோபரில் வந்த ஏசஸ் நிறுவனத்தின் 'எக்ஸ்பொக்ஸ் அலை' 600 டொலரிலிருந்து 1,000 டொலர் வரை சென்றமை வியப்பன்று.

இவ்விலைகளுக்குள் மறைந்துள்ள உழைப்பு வணிக ஏடுகளில் அரிதாகவே இடம்பெறுகின்றது. நின்ரெண்டோ உள்ளிட்ட பல நிறுவனங்களுக்கு உற்பத்தி செய்யும் பொக்ஸ்கொன், சீனாவின் யன்ராய் தொழிற்சாலையில் 14 முதல் 16 வயதுவரையான மாணவர் பயிலுநர் என்ற பெயரில் வேலைக்கமர்த்தப்பட்டிருந்ததை 2012 ஒக்ரோபரில் ஒப்புக்கொண்டது.

இனிவரும் ஆண்டுகளின் விற்பனையைக் கணிப்போர் நினைவகச் சில்லுகளின் விலையை முதலில் நோக்குதல் நன்று. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு நிலையங்கள் அச்சில்லுகளைப் பெருமளவில் கொள்வனவு செய்தமையால், 2025 இறுதியில் அவற்றின் விலை கடுமையாக ஏறியது. ஸ்டீம் டெக்கின் மலிவு வகை அவ்வாண்டு டிசெம்பரில் கைவிடப்பட்டது. அக்கருவியின் ஆகக்குறைந்த விலை 549 டொலராயிற்று. அதற்கு முன்னரே, ஓகஸ்ரில், எட்டு ஆண்டு பழைமையான ஸ்விற்ச்சின் விலை ஐக்கிய அமெரிக்காவில் 299.99 டொலரிலிருந்து 339.99 டொலராக உயர்த்தப்பட்டிருந்தது. அதற்கு நிறுவனம் கூறிய காரணம் சந்தை நிலைமைகள் என்பதே. பழைய தொழில்நுட்பம் காலப்போக்கில் மலியும் என்ற நிபந்தனையின் மேலேயே யொக்கோயின் வழி நின்றது. அந்நிபந்தனை தளருமாயின், கருவியை நட்டத்துக்கு விற்று விளையாட்டுகளில் ஈட்டக்கூடிய இரண்டொரு நிறுவனங்களைத் தவிர ஏனையோர் இச்சந்தையில் நிலைப்பது அரிது.