பேசாத நோயாளியின் கண்

ஆலத்தியூர் போன்ற ஒரு சிற்றூரில், இரவு நேரத்தில் மாட்டுக் கொட்டகைப் பக்கம் டார்ச் விளக்கை அடித்துப் பாருங்கள். இருட்டில் இரண்டு நீலப்பச்சைப் புள்ளிகள் பளிச்சிடும். மாட்டின் விழித்திரைக்குப் பின்னால் ‘டபீட்டம்’ என்னும் பளபளப்பான படலம் இருக்கிறது. விழித்திரையைக் கடந்து வந்த ஒளியை அது மீண்டும் விழித்திரைக்கே திருப்புகிறது. அதனால்தான் மங்கிய ஒளியிலும் மாட்டுக்குக் கண் தெரிகிறது. நாய்க்கும் பூனைக்கும் குதிரைக்கும் இது உண்டு, நமக்கு இல்லை.

கண்ணின் அமைப்பு விலங்குக்கு விலங்கு மாறுகிறது. போதாததற்கு, நோயாளிக்குப் பேச்சும் வராது. சுவரில் எழுத்து அட்டையை மாட்டி, “படி” என்று மாட்டிடம் சொல்ல முடியுமா? அப்படியானால் கால்நடைக் கண் மருத்துவர் என்ன செய்கிறார்?

நாயின் முன் ஒரு பஞ்சு உருண்டையைப் போடுகிறார். பஞ்சு விழும்போது ஓசை எழாது. அதைக் கண் தொடர்ந்தால் பார்வை உண்டு என்று அறியலாம். கையைக் கண்ணருகே வீசி, இமைக்கிறதா என்றும் பார்ப்பார். அப்போது கையின் காற்று கண்ணில் படக்கூடாது. பட்டால் பார்வையற்ற விலங்கும் இமைத்துவிடும்!

வைக்கோல் துணுக்கு குத்தி, மாட்டின் கண்ணில் நீர் வழிகிறது என்று வைத்துக்கொள்வோம். மருத்துவர் ஃபுளோரசின் என்னும் சாயத்தை ஒரு சொட்டு விட்டு, நீல ஒளியைப் பாய்ச்சுவார். கண்ணின் முன்புறக் கண்ணாடிப் படலமான கார்னியாவின் மேல்தோல், சாயத்தை உள்ளே விடாது. தோல் உரிந்த இடத்தில் மட்டும் சாயம் ஊறும். அது நீல ஒளியை ஏற்று, அதைவிட அலைநீளம் மிகுந்த பச்சை ஒளியை வெளியிடும். புண் எங்கே, எவ்வளவு என்பதை ஒளியே சொல்லிவிடுகிறது.

நாய்க்குக் கண்புரை வந்தால், கெட்ட லென்ஸை மீயொலியால் உடைத்து உறிஞ்சி எடுத்து, செயற்கை லென்ஸ் பொருத்துவார்கள். மனிதருக்குப் பொருத்துவது ஏறக்குறைய 20 டயாப்டர். நாய்க்கோ சுமார் 40! மனித லென்ஸை நாய்க்கு வைத்தால் பிம்பம் விழித்திரைக்குப் பின்னால் விழும். நீங்கள் படிக்கும் லென்ஸ் பாடம் அங்கேயும் வேண்டியிருக்கிறது.

இதற்குப் படிப்பு என்ன? பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின், பயிற்சிக் காலத்தையும் சேர்த்து ஐந்தரை ஆண்டுக் கால்நடை மருத்துவப் பட்டம். 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி இதற்குப் பெயர் பெற்றது. பிறகு அறுவை மருத்துவத்தில் 2 ஆண்டு முதுநிலைப் படிப்பு. கண் மருத்துவம் அதன் ஒரு பகுதி. அதன்பின் மூத்தவர்களிடம் பல ஆண்டுப் பழக்கம். அமெரிக்காவில் இத்துறைக்கென்றே 1970-இல் ஒரு வல்லுநர் அமைப்பு தோன்றியது. அங்கே பட்டத்துக்குப் பின் 3 ஆண்டுச் சிறப்புப் பயிற்சி முடித்துத் தேர்வும் எழுத வேண்டும்.

ஆனால் எத்தனை பெரிய வல்லுநராலும் கடந்துபோன நாள்களை மீட்டுத் தர முடியாது. கார்னியாவின் தடிமன் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. புண் ஆழமாகி ஓட்டை விழுந்தால் கண்ணே போகலாம். எனவே உங்கள் வீட்டு மாடு கண்ணை மூடிக்கொண்டு நீர் வடித்தால், உப்புத்தூள், புகையிலைச் சாறு எதையும் இடாதீர்கள். வீட்டில் மீந்த சொட்டு மருந்தும் வேண்டாம்; அதில் ஸ்டீராய்டு இருந்தால் புண் பெரிதாகும். அன்றைக்கே கால்நடை மருந்தகத்துக்கு ஓட்டிச் செல்லுங்கள். வாயில்லாத அந்த உயிருக்காக முதலில் பேச வேண்டியவர் நீங்கள்தான்.