பாட வராத பென்குயின்

குட்டீஸ்! வகுப்பில் எல்லோரும் இனிமையாகப் பாட, உங்களுக்கு மட்டும் குரல் 'கர்ர்ர்' என்று வந்தால் எப்படி இருக்கும்? மம்பிள் என்ற பென்குயின் குஞ்சுக்கு அதுதான் கஷ்டம்!

'ஹேப்பி பீட்' படத்தின் நாயகன்தான் இந்த மம்பிள். 2006ல், நீங்கள் யாரும் பிறக்காத காலத்தில் வந்த அனிமேஷன் படம். இயக்கியவர் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜார்ஜ் மில்லர். ஆஸ்கர் விருதும் வாங்கியது. 'பழைய படத்துக்கு இப்போது என்ன விமர்சனம்?' என்கிறீர்களா? விடுமுறைக்கு வந்த பேத்தியோடு உட்கார்ந்து பார்த்தேன். உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கதை நடப்பது அண்டார்டிகாவில். அங்கே எம்பரர் பென்குயின்கள் ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஒரு பாட்டு உண்டு. பாட்டு இல்லாவிட்டால் ஜோடி கிடைக்காது. இது முழுக்கக் கற்பனை இல்லை. நிஜ எம்பரர் பென்குயினும், ஆயிரக்கணக்கான கூட்டத்தில் குரலை வைத்தே தன் ஜோடியைக் கண்டுபிடிக்கும். முட்டையை அடைகாப்பது அப்பா பறவை. இரண்டு மாதத்துக்கும் மேல், பட்டினி கிடந்து, முட்டையைத் தன் கால்கள் மேலேயே வைத்திருக்கும்.

மம்பிளின் அப்பா அந்த முட்டையைப் பனியில் நழுவ விட்டுவிடுகிறார். பொரிந்து வந்த மம்பிளுக்குப் பாட்டு வரவில்லை. கால்கள் மட்டும் சும்மா இருப்பதில்லை!

படத்தில் பெரும்பாலும் ஏற்கனவே புகழ்பெற்ற ஆங்கில பாப் பாட்டுகள்தான். அப்பா எல்விஸ் பிரஸ்லி பாட்டு பாடுகிறார். அம்மா பிரின்ஸ் பாட்டு. தோழி குளோரியா பாடுவது, 'குயின்' குழுவின் பிரெடி மெர்குரி எழுதி 1976ல் வெளிவந்த பாட்டு. அவர் சிறுவனாகப் படித்தது மகாராஷ்டிராவில் உள்ள பஞ்சகனியில், தெரியுமா?

மம்பிளின் ஆட்டம் 'டேப் டான்ஸ்'. ஷூவின் அடியில் உலோகத் தகடு இருக்கும். தரையில் தட்டினால் தாளம் கேட்கும். உண்மையில் ஆடியவர் சேவியன் குளோவர் என்ற அமெரிக்கக் கலைஞர். அவருடைய அசைவுகளைப் பதிவு செய்து, கம்ப்யூட்டரில் பென்குயினுக்குக் கொடுத்தார்கள். என்ன வேகம்!

வகுப்பில் மம்பிள் வாய் திறந்ததும் எல்லாக் குஞ்சுகளும் சிரிக்கும். அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் ஆசிரியராக இருந்தபோது, பிரார்த்தனைக் குழுவில் ஒரு பையன் இருந்தான். சுருதி சேராது. ஆண்டு விழாவுக்கு முன், "நீ வாயை மட்டும் அசைடா, சத்தம் வரக்கூடாது" என்றேன். தலையாட்டினான், மேடையிலும் அப்படியே செய்தான். அதற்குப் பிறகு, வீட்டுக்குப் போகும்போது பையன்கள் கூட்டமாகப் பாடினால்கூட, அவன் உதட்டை மட்டும் அசைத்துக் கொண்டு போவான்.

படத்தில் குறையும் உண்டு. லெப்பர்ட் சீல் துரத்தும் காட்சியில் பேத்தி தலையணைக்குப் பின்னால் ஒளிந்து கொண்டாள். சின்னத் தம்பி, தங்கைகளுக்குப் பெரியவர்கள் துணை வேண்டும். கடலில் மீன் குறைந்ததும், மம்பிளின் ஆட்டம்தான் காரணம் என்று கூட்டத்துப் பெரியவர்கள் விரட்டி விடுகிறார்கள். மீனை அள்ளுவது மனிதர்கள் என்று அவன் தேடிக் கண்டுபிடிப்பது அருமை. ஆனால், அவ்வளவு பெரிய சிக்கல் கடைசி சில நிமிடங்களில் மளமளவென்று தீர்ந்து விடுவதை என்னால் நம்ப முடியவில்லை. பேத்தியிடம் சொன்னேன்.

"அது கிடக்கட்டும் தாத்தா, அந்தக் கால் தட்டுற இடத்தை மறுபடி போடுங்க" என்றாள். போட்டேன். கூடத்துத் தரையில் அவளும் தட்ட ஆரம்பித்தாள். கீழ் வீட்டுக்காரர் மேலே வந்து விட்டார்!