சிதறிய செல்கள் வழி அறியும்

“ஒரு பையிலிருந்து ஏற்றப்படும் ஸ்டெம் செல்கள் தம் இடத்தை எவ்வாறு அறியும்?” எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை பெறுவோரின் குடும்பத்தினர் எங்களிடம் கேட்கும் வினா இது. விடையைக் கடற்பஞ்சிலிருந்து தொடங்குகிறோம்.

கடற்பஞ்சு மூளையோ இதயமோ இல்லாத எளிய விலங்கு. அதன் உடலுக்குள் ஆர்க்கியோசைட் எனும் செல்கள் ஊர்ந்து திரிகின்றன. அவை உணவைச் செரித்துப் பிற செல்களுக்கு வழங்கும். தேவைப்பட்டால் வேறுவகைச் செல்லாகவும் மாறும். 1907இல் அமெரிக்க உயிரியலாளர் ஹெச். வி. வில்சன், கடற்பஞ்சைப் பட்டுத்துணியில் பிழிந்து செல்களாகச் சிதறடித்தார். அச்செல்கள் ஒன்றுகூடி, மீண்டும் முழுமையான கடற்பஞ்சுகளாக வளர்ந்தன.

நம் இரத்த ஸ்டெம் செல்களின் ஆற்றல் அவ்வளவு விரிந்ததன்று. அவை இரத்தத்துக்குரிய செல்களையே உருவாக்கும். எனினும் இரத்தக்குழாய் வழியே செலுத்தப்பட்டதும், மஜ்ஜை வெளியிடும் வேதிக்குறிப்புகளைப் பின்பற்றி அங்கே சென்று தங்குகின்றன. புதிய வெள்ளணுக்கள் பெருகப் பெரும்பாலும் 2 முதல் 4 வாரங்கள் ஆகும். அதுவரை எண்ணிக்கை உயராதிருப்பது தோல்வியன்று. ஆனால் தொற்று எளிதில் பற்றும் காலம் அது. நோயாளியைத் தொடுமுன் ஒவ்வொரு முறையும் கைகளைக் கழுவுங்கள். காய்ச்சல் தோன்றினால், நள்ளிரவாயினும் செவிலியரிடம் உடனே தெரிவியுங்கள். அந்நாள்களில் சிறு காய்ச்சலையும் நாங்கள் அவசரமாகவே கருதுகிறோம்.